சத்தம் வரவில்லை என்று கார்டை ஃபார்மட் செய்பவர்களுக்கு

இந்த முகூர்த்த சீசனில் இது எத்தனையாவது போன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். "அண்ணே, ஹேண்டிகேம் கிளிப்பை எடிட்டிங் டைம்லைனில் போட்டால் படம் மட்டும்தான் வருது, சத்தமே இல்லை." கார்டு கையில் இருக்கிறதா என்று கேட்டால், "அது அடுத்த நாள் ரிசப்ஷனுக்குப் போயிடுச்சுண்ணே" என்று பதில் வரும்.

கடைசியாக வந்தது கொடுமை. மிக்ஸிங் (வீடியோ எடிட்டிங்) செய்த தம்பி, ஏதோ ஓர் இணையதளத்தில் எல்லா கிளிப்பையும் ஏற்றி எம்பி4 ஆக்கியிருக்கிறார். அதிலும் சத்தம் வரவில்லை. சரி, கேமராவில் ரெக்கார்டே ஆகவில்லை என்று முடிவு கட்டி, மூல ஃபைல்களை அழித்துவிட்டார். இப்போது அந்த வீட்டாருக்கு ஸ்டாக் நாதஸ்வரத்தை ஒட்டிக்கொண்டிருக்கிறோம். தவில்காரரின் கை ஒரு பக்கம் போகிறது, சத்தம் இன்னொரு பக்கம் போகிறது. எவ்வளவு இழுத்துப் பார்த்தாலும் ஒட்டவில்லை.

'படம் வருகிறது, சத்தம் வரவில்லை, அதனால் சத்தம் பதிவாகவில்லை.' இந்த நினைப்புதான் எல்லாவற்றுக்கும் மூலம். தயவுசெய்து இதை மறந்துவிடுங்கள். ஒரு கிளிப்புக்குள் படமும் சத்தமும் தனித்தனி ஓடைகள். இரண்டும் வேறு வேறு முறையில் சுருக்கப்பட்டவை. உங்கள் மென்பொருளுக்குச் சுருக்கிய படத்தைப் பிரித்துப் படிக்கத் தெரிந்திருக்கலாம், சத்தத்தைப் பிரித்துப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். அப்போது பிழைச்செய்திகூட வராமல், சத்தமே இல்லாத கிளிப் போலக் காட்டிவிடும். அதை நம்பி கார்டை அழித்தால் மீள்வது கடினம்.

சோனியும் பானசோனிக்கும் 2006-இல் அறிவித்த ஏவிசிஹெச்டி முறையில் எடுக்கும் கேமராக்கள்தான் இன்னும் நம் மண்டபங்களில் ஏராளம். எம்டிஎஸ் என்று முடியும் ஃபைல்கள் வருகிறதல்லவா, அவைதான். அவற்றில் சத்தம் பெரும்பாலும் டால்பி நிறுவனத்தின் ஏசி-3 என்ற சுருக்கும் முறையில் இருக்கும். அடோபி பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருள் முன்பு இதைத் தானே பிரித்துப் படித்தது. பிறகு அந்த வேலையை இயங்குதளத்திடம் விட்டுவிட்டது. இங்கேதான் சிக்கல்: விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது ஏசி-3 கோடெக் (அந்தச் சத்தத்தைப் பிரித்துப் படிக்கும் நிரல்) கூடவே வருவதில்லை. பழைய கணினியில் ஒழுங்காகப் பேசிய அதே கிளிப் புதுக் கணினியில் ஊமையாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 'எட்டு கோர் மெஷின் வாங்கியும் சத்தம் வரலையே' என்று புலம்புகிறவர்கள் கவனிக்க.

ஆகவே முதல் வேலை, கிளிப்பை விஎல்சி பிளேயரில் போட்டுப் பாருங்கள். அது தனக்கு வேண்டிய கோடெக்கைத் தானே வைத்திருக்கிறது, விண்டோஸை நம்பி இல்லை. அதில் சத்தம் கேட்டால் ஃபைல் பத்திரம். இன்னும் உறுதி வேண்டுமென்றால் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். ஆடியோ என்று தனிப் பகுதி இருக்கும், அதில் ஏசி-3, 2 சேனல், 48 கிலோஹெர்ட்ஸ் என்பது போல விவரம் இருக்கும். அந்தப் பகுதியே இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும். ஸ்லோமோஷன் முறையில் எடுத்த கிளிப்பாக இருக்கலாம், பல கேமராக்கள் அதில் சத்தம் பதிவதில்லை.

அடுத்து, செய்யக்கூடாதவை. எம்டிஎஸ் என்ற பின்னொட்டை எம்பி4 என்று மாற்றாதீர்கள். உப்பு டப்பாவில் சர்க்கரை என்று எழுதி ஒட்டினால் காபி இனிக்காது. கண்ட தளத்திலிருந்து கோடெக் பேக் இறக்காதீர்கள், எடிட்டிங் மென்பொருள் பெரும்பாலும் அதைச் சீண்டுவதே இல்லை, வைரஸ் மட்டும் இலவசமாக வரும். ஹேண்ட்பிரேக்கில் போட்டு மாற்றுவதும் வேண்டாம். நல்ல மென்பொருள்தான், ஆனால் அது படத்தையும் மறுபடி சுருக்கிவிடும். பட்டுப்புடவை ஜரிகை கொழகொழவென்று ஆவது அப்படித்தான்.

தேவை சத்தத்தை மட்டும் மாற்றுவது. ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில் ரீராப் (படத்தை மறுபடி சுருக்காமல் உறையை மட்டும் மாற்றுவது) என்பதைத் தேர்ந்தெடுத்து, ஆடியோவை மட்டும் பிசிஎம் (சுருக்கப்படாத சத்தம்) ஆக்கி, எம்ஓவி ஃபைலாக எடுங்கள். கட்டளை அடித்துப் பழகியவர்கள் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் இதையே செய்துகொள்வார்கள். படம் தொடப்படாததால் தரம் குறையாது, நேரமும் அதிகம் ஆகாது. பிரீமியரோ, இன்னொரு எடிட்டிங் மென்பொருளான ரிசால்வோ, பிசிஎம் சத்தத்தை மறுக்காமல் எடுத்துக்கொள்ளும்.

கோடெக் சரியாக இருந்தும் பிரீமியரில் சத்தம் வராவிட்டால், மீடியா கேஷை (பிரீமியர் சேர்த்து வைக்கும் தற்காலிக ஃபைல்களை) அழித்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். எக்ஸ்எல்ஆர் (மைக் ஒயர் செருகும் பெரிய துளை) உள்ள பெரிய கேமரா என்றால் சேனலைப் பாருங்கள். மிக்சரிலிருந்து வந்த ஒயர் இரண்டாவது சேனலில் இருக்கும், நீங்கள் முதல் சேனலை மட்டும் கேட்டுவிட்டு மண்டபத்து சவுண்ட் சர்வீஸ்காரரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனமில்லை. கார்டிலிருந்து ஸ்ட்ரீம் ஃபோல்டரில் உள்ள எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். மணவறைக்கு எதிரே ஸ்டாண்டில் நிற்கும் கேமரா நிறுத்தாமல் ஓடினாலும், கார்டில் அது துண்டு துண்டாகத்தான் பதிவாகும். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த கார்டில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, பல கேமராக்கள் 2 ஜிபியிலேயே வெட்டிவிடும். 24 எம்பிபிஎஸ் (நொடிக்கு 24 மெகாபிட்) தரத்தில் 2 ஜிபி என்பது ஏறக்குறைய 11 நிமிடம். துண்டுகளைத் தனித்தனியாக இழுத்துப் போட்டால் ஒட்டும் இடத்தில் ஒரு கணம் சத்தம் விட்டுப்போகும். அந்தக் கணம் கெட்டிமேளத்தில் விழுந்தால் யார் பதில் சொல்வது? ஸ்ட்ரீமும் அடங்கிய பிரைவேட் என்ற ஃபோல்டரை உள்ளதை உள்ளபடியே காப்பி செய்யுங்கள். பிரீமியரில் இம்போர்ட் கொடுக்காமல் மீடியா பிரவுசர் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள், துண்டுகள் ஒரே கிளிப்பாக வந்து நிற்கும்.

ஸ்டுடியோ வைத்திருப்பவர்களே, இரண்டு கார்டு கூடுதலாக வாங்குங்கள். மிக்ஸிங் முடிந்து வீட்டார் பார்க்கும்வரை எதையும் ஃபார்மட் செய்யாதீர்கள்.

கல்யாண வீட்டாருக்கும் ஒரு கோரிக்கை. ஆல்பத்துக்குப் பாக்கிப் பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்து, கார்டில் உள்ளதை முழு ஃபோல்டராக வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய அன்றே நான்கைந்து கிளிப்பை விஎல்சியில் திறந்து காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் இல்லையென்றால், அந்தக் கார்டு அடுத்த மண்டபத்துக்குப் போவதற்குள் ஸ்டுடியோவுக்குப் போன் போடுங்கள்.