பெயரில் மட்டும் கொலையாளி

கரு தரிக்கிறது, கலைகிறது. இரண்டாவது முறையும் அதேதான். பெற்றோரின் குரோமோசோம், ஹார்மோன், கருப்பையின் அமைப்பு என்று எதைப் பார்த்தாலும் கோளாறு இல்லை. தொடர் கருச்சிதைவுக்கு ஆளாகும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காரணம் தெரியாமலே போகிறது. அப்போதுதான் யாராவது சொல்வார்கள்: "உன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குழந்தையைத் தாக்குது." ஏற்கெனவே நொந்து கிடப்பவள் தலையில் இன்னொரு பழி.

சந்தேகம் எழுந்ததில் நியாயம் உண்டு. கருவின் மரபணுக்களில் பாதி தந்தையுடையவை. பிறர் சிறுநீரகத்தை ஏற்க மறுக்கும் உடல், கருவை எப்படிச் சுமக்கிறது? 1953-இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடவார் எழுப்பிய கேள்வி இது.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கருப்பையின் உட்படலத்தில் உள்ள நோயெதிர்ப்புச் செல்களில் 70% வரை 'நேச்சுரல் கில்லர்', அதாவது 'இயற்கைக் கொலையாளி' வகையைச் சேர்ந்தவை. பெயரைக் கேட்டாலே பயம் வரும். ஆனால் ரத்தத்தில் ஓடும் அதே பெயர்ச் செல்களைப் போல இவை கொல்வதில் முனைப்புக் காட்டுவதில்லை. இவற்றின் வேலை வேறு.

கருப்பைக்கு ரத்தம் தரும் சுருள் தமனியைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். நெளிநெளியான குறுகிய குழாய், சுற்றிலும் இறுக்கமான தசை. இந்தச் செல்கள் அதைச் சூழ்ந்து நின்று தசையைத் தளர்த்துகின்றன. நஞ்சுக்கொடியின் செல்கள் பின்னாலேயே ஊடுருவி, குழாயின் உட்சுவரையே மாற்றி அமைக்கின்றன. குறுகல் குழாய் புனல்போல விரிகிறது; ரத்தம் சீறாமல் நிதானமாக வந்து சேர்கிறது.

யார் எவ்வளவு தூரம் ஊடுருவலாம் என்பது ஒரு பேச்சுவார்த்தையில் முடிவாகிறது. நஞ்சுக்கொடிச் செல்கள் எச்.எல்.ஏ-சி என்ற புரதத்தை நீட்டுகின்றன. தாயின் செல்கள் கே.ஐ.ஆர் என்ற ஏற்பிகளால் அதைத் தொட்டுப் பார்க்கின்றன. சில ஜோடிப் பொருத்தங்களில் தாயின் செல்கள் அளவுக்கு மீறி அடங்கிப்போகின்றன. ஊடுருவல் ஆழமாகாமல் நிற்கும். கருச்சிதைவின் வாய்ப்பு கூடும். அதே பொருத்தம் இருந்தும் நல்லபடியாகப் பெற்றெடுப்பவர்கள் ஏராளம். இங்கே சிக்கல், செல்கள் தாக்கியதில் இல்லை. போதிய அளவு வேலை செய்யாததில் இருக்கிறது.

அப்படியிருக்க, அவற்றை அடக்க என்று சிலர் தரும் ஸ்டீராய்டும் கொழுப்பு ஊசியும் எதற்கு? பலன் தரும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் இந்தச் செல்களை எண்ணுவதும் கருப்பையின் நிலவரத்தைச் சொல்லாது.

கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை வேறு: ரத்தம் உறைவதைத் தூண்டக்கூடிய ஆன்டிபாஸ்போலிபிட் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்பது. குறைந்தது 12 வார இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். இரண்டிலும் இருந்தால், கர்ப்ப காலத்தில் ஆஸ்பிரினும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் கொடுப்பது ஏற்கப்பட்ட சிகிச்சை.