மூச்சு விடும்போதுதான் தெரியும் நோய்

காரைக்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "நுரையீரல் செல்களைக் கண்ணாடித் தட்டிலேயே வளர்க்கலாமே, அதற்கு ஏன் தனியாக ஒரு சில்லு?"

தட்டில் செல்கள் உயிரோடு இருக்கும். ஆனால் சுவாசத்தின் அசைவு அவற்றுக்குக் கிடைக்காது. ஹார்வர்டின் வைஸ் நிறுவனத்தில் டொனால்ட் இங்பர் குழுவினர் 2010-இல் வெளியிட்ட நுரையீரல் சில்லு அந்தக் குறையைத் தீர்த்தது. பென் டிரைவ் அளவிலான சிலிக்கோன் ரப்பர் துண்டு அது. உள்ளே மேலும் கீழுமாக இரண்டு நுண்கால்வாய்கள். நடுவே துளைகள் கொண்ட, 10 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சவ்வு. மேல்பக்கம் மனிதக் காற்றறைச் செல்கள், அடிப்பக்கம் ரத்தநாளச் செல்கள்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கால்வாய்களின் இருபக்கமும் வெற்றறைகள் உள்ளன. அவற்றிலிருந்து காற்றை உறிஞ்சினால் சுவர்கள் வெளிப்புறம் வளையும். அவற்றோடு ஒட்டிய சவ்வும், சவ்வின் மேலுள்ள செல்களும் இழுபடும். உறிஞ்சுவதை விட்டதும் ரப்பர் தானாகவே சுருங்கிவிடும். உதரவிதானம் கீழிறங்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து காற்றறைகள் விரிகின்றன அல்லவா? இங்கும் அதே இயற்பியல்தான்.

2012-இல் இதே குழு, இன்டர்லூக்கின்-2 என்ற புற்றுநோய் மருந்தை ரத்தப் பக்கக் கால்வாயில் செலுத்தியது. நோயாளிகளின் நுரையீரலில் நீர் கோக்கச் செய்யக்கூடிய மருந்து அது. சில்லிலும் சில நாட்களில் காற்றுப் பக்கம் நீர் கசிந்தது. அசைவில்லாத சில்லில் கசிவு குறைவு. சுவாசம் சேர்ந்ததும் பல மடங்கு பெருகியது. கண்டாங்கிச் சேலையை இருபுறமும் பிடித்து இழுத்தால் இழைகளுக்கு நடுவே இடைவெளி விழுவதுபோல, மருந்தால் தளர்ந்த செல்களுக்கு இடையே விரிசல் விழுந்திருந்தது. இழுவிசையை உணர்ந்து திறந்து, அயனிகள் எனும் மின்னூட்டத் துகள்களைச் செல்லுக்குள் விடும் டிஆர்பிவி4 என்ற வாயிலை வேறொரு மருந்தால் அடைத்ததும் கசிவு நின்றது. அசையாத தட்டை மட்டுமே நம்பியிருந்தால், சுவாசத்துக்கு இதில் உள்ள பங்கு கண்ணில் பட்டே இருக்காது.

குறையும் உண்டு. இந்த ரப்பர் சில மருந்து மூலக்கூறுகளைத் தானே உறிஞ்சிக்கொள்வதால், செல்களுக்கு உண்மையில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதில் குழப்பம் வருகிறது. மாற்றுப் பொருள் தேடுவது வேதியியலாளர்களின் வேலை. மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அள்ளிக் கொடுத்த ஊர் காரைக்குடி. புதிய மருந்துகளைச் சோதிக்க இத்தகைய சில்லுகளையும் பயன்படுத்தலாம் என்று இந்திய விதிகள் 2023-இல் திருத்தப்பட்டுவிட்டன. கோயில் திருப்பணிக்கு மனமுவந்து கொடுக்கும் செட்டிநாட்டுக் குடும்பங்கள், இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்ய வரும் மாணவர்களுக்கும் உதவித்தொகை ஏற்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.