எபிடிடிமிஸ்: இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

விதைப்பை ஸ்கேன் ரிப்போர்ட்டில் எபிடிடிமிஸ் என்று ஒரு சொல் இருக்கும். விதையை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் ஒரு குழலின் பெயர் அது. கிரேக்கச் சொல். எபி என்றால் மேல், டிடிமோஸ் என்றால் இரட்டை. இங்கே இரட்டையர் யாரென்றால் இரண்டு விதைகள்தான். தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு இந்த டிடிமோஸ் பழகிய ஆள். யோவான் சுவிசேஷத்தில் ‘திதிமு என்னப்பட்ட தோமா’ என்று வருகிறதே, அந்தத் திதிமுவும் இதே சொல்தான்.

ஆக, பெயர் அது இருக்கும் இடத்தைச் சொல்கிறது, செய்யும் வேலையைச் சொல்லவில்லை. சுருண்டு கிடக்கும் இந்தக் குழலை நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும். விதையிலிருந்து வெளியேறும் விந்தணுவுக்கு ஒழுங்காக நீந்தவும் வராது, முட்டையோடு சேரவும் வராது. இந்தக் குழலுக்குள் நாள்கணக்கில் ஊர்ந்து வரும்போது உட்சுவர் செல்கள் சுரக்கும் புரதங்கள் அதன் மேல் படிந்து படிந்துதான் அது பக்குவமாகிறது.

அந்தச் செல்கள் தொடர்ந்து சுரப்பதற்கு வைட்டமின் ஏ வேண்டும். உடலில் அது ரெட்டினாயிக் அமிலமாக மாறி, செல்லின் உட்கருவுக்குள் போய், எந்தப் புரதத்தைச் செய்வது, எதை நிறுத்துவது என்று தீர்மானிப்பதில் பங்கெடுக்கிறது. எலியின் எபிடிடிமிஸ் இந்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளவே லிப்போகாலின் வகைப் புரதம் (சிறு மூலக்கூறுகளைச் சுமந்து செல்லும் வகை) ஒன்றைக் குழலுக்குள் சுரக்கிறது. வைட்டமின் ஏ கிடைக்காவிட்டால்? அப்படிப்பட்ட தீனி தின்ற எலிகளை 1925இல் வுல்பாக், ஹோவ் என்ற இரு அமெரிக்கர்கள் ஆராய்ந்தார்கள். சிறுநீர், இனப்பெருக்கப் பாதைகளின் மெல்லிய உட்படலம் தோல் மாதிரித் தடித்து, சுரக்க வேண்டிய செல்கள் இருந்த இடத்தில் நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின் நிறைந்த செல்கள் வந்து உட்கார்ந்திருந்தன. (வைட்டமின் ஏ குறைந்து கண் வறண்டுபோவதும் இதே கூத்துதான்.)

சரி, தமிழில்? விந்தக மேற்குழல் என்றால் கிரேக்கத்தை அப்படியே பெயர்த்ததாகிவிடும், அதிலும் வேலை தெரியாது. விந்து நாளத்திரள் என்றும் எழுதுகிறார்கள். உருவத்துக்குப் பொருந்தும், ஆனால் ஏதோ நரம்பு முடிச்சு என்று நினைக்கத் தோன்றும். என் ஓட்டு ‘விந்து முதிர்குழல்’ என்பதற்கு. முதிர்வது விந்தணுதானே, குழலா முதிர்கிறது என்று ஒரு நண்பர் மடக்கினார். விளைநிலம் என்கிறோமே, நிலமா விளைகிறது?