ரெய்டு மவுண்ட் ஆகவில்லையா? 'கிரியேட்' அடிப்பதற்கு முன்

லினக்ஸ் சர்வரில் சாஃப்ட்வேர் ரெய்டு (எம்டிஆடம் என்ற கருவியால் பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த தொகுப்பு, அதாவது அர்ரே) மவுண்ட் ஆகாமல் நிற்கும்போது டேட்டா பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பத்திரமாக இருக்கும். அடுத்த அரை மணி நேரத்தில் பதற்றத்தில் அடிக்கிற இரண்டு மூன்று கமாண்டுகள்தான் அதைக் காலி செய்கின்றன. டிஸ்க்கில் ஒரு பைட் கூட எழுதாத கமாண்டுகளை முதலில் முடித்துவிடுங்கள். எழுதுகிற எதையும் அதுவரை தொட வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது 'ப்ராக்' அடைவில் இருக்கும், அர்ரேயின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் ஃபைல். அதில் அர்ரே ஆக்டிவாக இருக்கலாம், இன்ஆக்டிவாக இருக்கலாம், அல்லது அர்ரேயின் பெயரே இல்லாமல் போகலாம். இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஆக்டிவாக இருந்தால் ரெய்டைக் குறை சொல்லாதீர்கள். எம்டி0 என்று இருந்த அர்ரேயின் பெயர் ரீபூட்டுக்குப் பிறகு எம்டி127 என்று வந்திருக்கும். எஃப்எஸ்டாபில் (எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியலில்) பழைய பெயர் இருப்பதால் சிஸ்டம் 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (பூட்டின் ஆரம்பத்தில் ஓடும் சிறு சிஸ்டத்துக்குள்) எம்டிஆடம் கான்ஃபிக் இல்லாததோ, ஹோஸ்ட்நேம் மாறியதோதான் வழக்கமான காரணம். எம்டிஆடமின் 'டீட்டெயில் ஸ்கேன்' தரும் வரியை கான்ஃபிக்கில் சேர்த்து, டெபியன், உபுண்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ரெட்ஹாட் வகையில் டிராகட் ஓட்டினால் பெயர் நிலைத்துவிடும். எஃப்எஸ்டாபில் பெயருக்குப் பதில் யுயுஐடி (மாறாத அடையாள எண்) போட்டு, 'கிடைக்காவிட்டாலும் பூட் ஆகு' என்று சொல்லும் 'நோஃபெயில்' சேர்த்திருந்தால் இந்தத் தொல்லையே வராது. அர்ரேயின் மேலே எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பங்கிட்டுத் தரும் அடுக்கு) இருந்தால் வால்யூம் குரூப்பை ஆக்டிவேட் செய்ய மறந்தாலும் மவுண்ட் ஆகாது. 'லினக்ஸ் ரெய்டு மெம்பர்' என்று பிழை வந்தால், அர்ரேக்குப் பதிலாகத் தனி டிஸ்க்கை மவுண்ட் செய்யப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

இன்ஆக்டிவ் என்று வந்து, டிஸ்க்குகளுக்குப் பக்கத்தில் 'எஸ்' என்று இருந்தால்தான் உண்மையான வேலை. அந்த எஸ் ஸ்பேர் என்பதன் குறி. அதைப் பார்த்து எல்லாம் ஸ்பேர் ஆகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். அசெம்பிள் (டிஸ்க்குகளை மறுபடி அர்ரேயாகச் சேர்ப்பது) பாதியில் நின்றாலும் அப்படித்தான் காட்டும். ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் எம்டிஆடமின் 'எக்ஸாமின்' ஓட்டி, முழு அவுட்புட்டையும் வேறு கம்ப்யூட்டரில் சேமியுங்கள். டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் கூடவே குறியுங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் ரீபூட்டில் இடம் மாறும், சீரியல் மாறாது.

நான்கு டிஸ்க் ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் ஓடும், இரண்டு போனால் நிற்கும் வகை) ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஈவென்ட்ஸ் எண் (அர்ரேயின் நிலை மாற மாற ஏறும் எண்ணிக்கை) முதல் இரண்டு டிஸ்க்கில் 48210, மூன்றாவதில் 48207, நான்காவதில் 31964. நான்காவது டிஸ்க் என்றைக்கோ வெளியே போய்விட்டது, அதை யாரும் கவனிக்கவில்லை. இப்போது மூன்றாவதும் விழுந்ததால்தான் அர்ரே நின்றது. 'அர்ரே ஸ்டேட்' வரியிலும் ('ஏ' என்றால் டிஸ்க் ஓடுகிறது, புள்ளி என்றால் இல்லை) இதே கதைதான்: முதல் இரண்டும் 'ஏஏ..' என்று காட்டும், மூன்றாவது 'ஏஏஏ.' என்று காட்டும். நான்காவது மட்டும் 'ஏஏஏஏ', நால்வரும் நலம் என்று சொல்லும். வெளியே தள்ளப்பட்ட டிஸ்க்கில் அதற்குப் பிறகு யாரும் எதுவும் எழுதுவதில்லை. எது நலமாகத் தெரிகிறதோ அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இந்த நிலையில் அர்ரேயை 'ஸ்டாப்' செய்துவிட்டு, முதல் மூன்று டிஸ்க்கை மட்டும் பெயர் சொல்லிக் கொடுத்து 'அசெம்பிள் ஃபோர்ஸ்' அடிக்க வேண்டும். ஸ்டாப் செய்யாமல் அடித்தால் 'டிவைஸ் பிஸி' என்றுதான் வரும். மூன்று ஈவென்ட் வித்தியாசம் சிறியது. கடைசி நிமிடத்தில் எழுதிய சில ஃபைல்கள் கெட்டிருக்கலாம், மற்றவை தேறும். நான்காவதை உள்ளே விட்டுக் கணக்குப் பார்த்தால் பழைய பேரிட்டியும் (விழுந்த டிஸ்க்கின் டேட்டாவைக் கணக்கிட உதவும் தகவல்) புதிய டேட்டாவும் கலந்து குப்பையாகிவிடும்.

ஃபோர்ஸ் சூப்பர்பிளாக்கை (டிஸ்க்கில் அர்ரேயின் விவரம் பதிந்திருக்கும் பகுதியை) மாற்றி எழுதும். அதனால் அதற்கு முன்னால் மூன்றாவது டிஸ்க் ஏன் விழுந்தது என்று, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் பாருங்கள். 199ஆம் எண், யூடிஎம்ஏ சிஆர்சி எரர், ஏறியிருந்தால் சாட்டா கேபிளையோ பேக்பிளேனையோ மாற்றினாலே போதும். 197, அதாவது பெண்டிங் செக்டர், இருந்தால் டிஸ்க்கின் பரப்பே கெடுகிறது. டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவியை, எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப்ஃபைலோடு ஓட்டி புது டிஸ்க்குக்கு நகலெடுத்து, அந்த நகலை வைத்து அசெம்பிள் செய்யுங்கள்.

நகலெடுக்க அவ்வளவு டிஸ்க் கையில் இல்லையென்றால் ஓவர்லே இருக்கிறது. டிஸ்க் ஒன்றுக்கு ஒரு ஸ்பார்ஸ் ஃபைல் (எழுத எழுதத்தான் இடம் பிடிக்கும்), அதன்மேல் ஃபைலை டிஸ்க் போலக் காட்டும் லூப் டிவைஸ், அதையும் அசல் டிஸ்க்கையும் சேர்த்து டிஎம்செட்டப்பின் ஸ்நாப்ஷாட். எழுதுவதெல்லாம் ஃபைலுக்குப் போகும், அசல் டிஸ்க் அப்படியே இருக்கும். தப்பு செய்தால் கலைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். இதற்குப் பத்து நிமிடம் செலவழிக்கத் தயங்கித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

எம்டிஸ்டாட்டில் பெயரே இல்லை, எக்ஸாமினும் சூப்பர்பிளாக் இல்லை என்கிறது என்றால், பார்ட்டிஷன் போடாமல் முழு டிஸ்க்கையே ரெய்டில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். 1.2 வகை சூப்பர்பிளாக் டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி உட்கார்ந்திருக்கும். ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணை முதல் 17 கேபியைப் பிடிக்கும். யாராவது பார்ட்டிஷன் டூலைத் திறந்து 'இனிஷியலைஸ்' கொடுத்தால் சூப்பர்பிளாக் அழிந்தது. டிஸ்க்கின் கடைசியில் பழைய ஜிபிடி நகல் மிச்சமிருந்தால், சில மதர்போர்டுகளின் யுஇஎஃப்ஐ மென்பொருள் பூட் ஆகும்போது தானாகவே அதை முன்னால் 'சரிசெய்து' வைக்கும். கேட்காமல் செய்யும் உதவி! அழிந்தது ஒரு டிஸ்க்கில் மட்டும் என்றால் மற்றவற்றை வைத்து டிகிரேடடாக, அதாவது ஒரு டிஸ்க் குறைவாக, ஓட்டலாம். எல்லாவற்றிலும் என்றால் ஓவர்லே மேல் 'கிரியேட்'டும் (புதிதாக அர்ரே உருவாக்குவது), ரீபில்ட் தொடங்காமல் தடுக்கும் 'அசூம் கிளீன்'னும் சேர்த்து அடிப்பதைத் தவிர வழியில்லை.

அந்த கிரியேட்டை அசல் டிஸ்க்கில் அடிப்பதுதான் பெரிய விபத்து. 'இது ஏற்கெனவே ஒரு அர்ரேயின் பகுதி, தொடரவா?' என்று கேட்கும், ஒய் தட்டிவிடுவார்கள். ரெய்டு 5-ஐ கிரியேட் செய்யும்போது எம்டிஆடம் கடைசி டிஸ்க்கை ஸ்பேராக வைத்து உடனே ரீபில்ட் தொடங்கும். வரிசை மாறியிருந்தால் அந்த டிஸ்க்கின் டேட்டா முன்னாலிருந்து அழிந்துகொண்டே போகும். வரிசை சரியாக இருந்தும் ஃபைல்சிஸ்டம் தெரியவில்லையா? சங்க் அளவு (ஒரு டிஸ்க்கில் தொடர்ந்து எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகும் துண்டு) மாறியிருக்கும்: முன்பு டீஃபால்ட் 64 கே, எம்டிஆடம் 3.1 பதிப்பிலிருந்து 512 கே. டேட்டா ஆஃப்செட்டும் (டிஸ்க்கில் டேட்டா தொடங்கும் இடம்) மாறும்: பழைய பதிப்பில் 1 எம்பி என்று இருந்தது புதிய பதிப்பில் பெரிய டிஸ்க்குக்கு 128 எம்பி வரை போகும். முதலில் சேமித்த எக்ஸாமின் அவுட்புட் இங்கேதான் உயிர் காக்கும்.

அசெம்பிள் ஆனதும், ஃபைல்சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டக் கை துடிக்கும். தப்பான வரிசையில் சேர்ந்த அர்ரேயில் எஃப்எஸ்சிகே 'ரிப்பேர்' செய்தால் அதன்பின் யாராலும் மீட்க முடியாது. ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்யுங்கள். வெறும் ரீட்-ஒன்லி போதாது, ஜர்னலை (பாதியில் நின்ற மாற்றங்களின் குறிப்பை) அது ஓட்டி டிஸ்க்கில் எழுதிவிடும். எக்ஸ்ட்4 என்றால் 'நோலோடு', எக்ஸ்எஃப்எஸ் என்றால் 'நோரிகவரி' சேருங்கள். உள்ளே போய் சங்க் அளவைவிடப் பல மடங்கு பெரிய வீடியோ அல்லது ஜிப் ஒன்றைத் திறந்து பாருங்கள். ஃபோல்டர் பட்டியல் தெரிவதை மட்டும் நம்பாதீர்கள். 20 கேபி ஃபைல் ஒன்று ஒரே சங்கில் அடங்கி, வரிசை தப்பாக இருந்தாலும் அழகாகத் திறக்கும். பெரிய ஃபைல் முழுதாக ஓடினால் டேட்டாவை வெளியே காப்பி எடுத்துவிட்டு, அதற்குப் பிறகே நான்காவது இடத்துக்குப் புது டிஸ்க்கை 'ஆட்' செய்யுங்கள்.

ரீபில்ட் தொடங்கும் முன் ஒரு வேலை பாக்கி. டெஸ்க்டாப் வகை டிஸ்க்குகள் கெட்ட செக்டரைப் படிக்க நிமிடக்கணக்கில் மல்லுக்கட்டும். கெர்னல் 30 விநாடியில் பொறுமை இழந்து டிஸ்க்கையே ரீசெட் செய்யும், அர்ரே மறுபடி விழும். ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் 'எஸ்சிடிஇஆர்சி' 70,70 (பத்தில் ஒரு விநாடிக் கணக்கு) என்று வைத்தால் டிஸ்க் 7 விநாடியில் கைவிடும். அந்த வசதி இல்லாத டிஸ்க்குக்கு, சிஸ் அடைவில் இருக்கும் டைம்அவுட்டை 180 விநாடி ஆக்குங்கள். டைம்அவுட் ரீபூட்டில் பழையபடி ஆகிவிடும், எஸ்சிடிஇஆர்சி-யும் மின்சாரம் போய் வந்தால் பல டிஸ்க்குகளில் நிற்காது. அதனால் இரண்டையும், டிஸ்க் தெரிந்ததும் தானாக ஓடும் யூடெவ் விதியிலோ பூட் ஸ்கிரிப்டிலோ எழுதி வையுங்கள்.