எல்க் வேட்டைக்காரரின் முதுகுப்பையில் ஏன் இத்தனை துணிப்பை?

அக்டோபர் மாதம், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைச்சரிவு. 3,000 மீட்டர் உயரத்தில் கூடாரம் போட்டிருக்கும் ஒருவரின் முதுகுப்பையைக் கவிழ்த்துக் கொட்டினால், துப்பாக்கித் தோட்டாவுக்கு முன்னால் கண்ணில் படுவது வெள்ளைத் துணிப்பைகள்தான். தலையணை உறை போல ஐந்தாறு இருக்கும். கூடவே ஒரு சின்ன பவுடர் குப்பி, கம்பளிப் பனியன், ரப்பர் கையுறை, கத்தி, சுருட்டிய கயிறு. சுடுவதற்கென்று இருப்பது துப்பாக்கி ஒன்றே. மற்ற சாமான்களில் பெரும்பாலானவை சூட்டைச் சமாளிக்கத்தான். தன் உடம்புச் சூடு போய்விடக் கூடாது. சுட்டு விழுந்த விலங்கின் சூடு உள்ளேயே தங்கிவிடக் கூடாது. மலையின் சூடு காற்றை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் தெரிந்தாக வேண்டும்.

எல்க் என்பது நம் கடமானுக்குத் தூரத்துச் சொந்தம். வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். ஐரோப்பாவில் எல்க் என்றால் மூஸ் என்கிற வேறொரு மான். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, ஷாவ்னி பழங்குடியினர் வைத்த ‘வாபிட்டி’ என்ற பெயரைச் சொல்வதும் உண்டு. வெள்ளைப் பிட்டம் உள்ளது என்று அர்த்தம்.

முதலில் உடுப்பு. அங்கே பழைய ஆட்கள் புதிதாக வருபவரிடம் சொல்லும் முதல் எச்சரிக்கை, ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வராதே என்பது. நமக்குப் பருத்தியைப் போலச் சுகமான துணி கிடையாது. வியர்வையை உறிஞ்சும், ஆவியாக்கும், உடம்பைக் குளிர்விக்கும். சென்னை வெயிலுக்கு இது வரம். உறைபனிக்குப் பக்கத்தில் அதே குணம் ஆளைக் கொல்லும். துணி நம்மைச் சூடாக வைப்பதில்லை; துணி இழைகளுக்கு நடுவே சிக்கிய காற்றுதான் வைக்கிறது. நனைந்த பருத்தியில் அந்த இடமெல்லாம் தண்ணீர் புகுந்துவிடும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். போதாததற்கு, ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது.

செங்குத்தான சரிவில் ஒரு மணி நேரம் ஏறி உடம்பெல்லாம் நனைந்தவர், உச்சியில் மான் வருமா என்று அசையாமல் உட்காருகிறார். ஏறும்போது அடுப்பாக இருந்த தசைகள் இப்போது அணைந்துவிட்டன. ஈரம் மட்டும் மிச்சம். உடம்புச் சூடு அளவுக்கு மீறி இறங்கிப்போகும் தாழ்வெப்பநிலை என்கிற ஆபத்து இப்படித்தான் தொடங்குகிறது. அதற்குக் கொட்டும் பனி தேவையில்லை. 5 டிகிரி குளிரும் ஈரச் சட்டையும் கொஞ்சம் காற்றும் போதும்.

அதனால்தான் உடம்பை ஒட்டி மெரினோ என்கிற ஆட்டின் கம்பளி. கம்பளி இழையின் உள்பக்கம் நீராவியை விரும்பி உறிஞ்சும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. வெளிப்பக்கத்தில் மெல்லிய கொழுப்புப் படலம் இருப்பதால் சொட்டுத் தண்ணீர் எளிதில் ஒட்டாது. சுருள் சுருளான இழை என்பதால் நனைந்தாலும் தட்டையாகப் படிந்துவிடாமல் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். இதற்கு மேல் போடும் வாத்து இறகு ஜாக்கெட், உலர்ந்திருக்கும் வரை ராஜா. நனைந்தால் கோழிக்குஞ்சு மாதிரி சுருங்கிப்போகும். ஏறும்போது அதைப் பையில் வைத்துவிட்டு, லேசாகக் குளிரெடுக்கும் உடுப்போடு நடக்க வேண்டும். உட்கார்ந்த உடனே, குளிரும் முன்பே, எடுத்துப் போட வேண்டும். விலை உயர்ந்த ஜாக்கெட் வாங்குவதைவிட இந்த வரிசையைப் பழகுவது முக்கியம் என்பது என் எண்ணம்.

அடுப்பிலும் இதே கதை. எரிவாயுக் குப்பிக்குள் திரவமாக இருப்பது ஆவியானால்தான் எரியும். சாதாரண பியூட்டேன் −0.5 டிகிரியில் கொதிக்கிறது. அதற்குக் கீழே போனால் குப்பி நிறைய எரிபொருள் இருந்தும் அடுப்பு எரியாது. ஐசோபியூட்டேன் −12 வரை தாங்கும், புரோப்பேன் −42 வரை. கலவையைப் பார்த்து வாங்காதவர் விடியற்காலையில் குப்பியைக் கம்பளிக்குள் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார். அடுப்பு எரிந்தாலும், அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு வேக நேரமாகும்.

இனி அந்தப் பவுடர் குப்பி. உள்ளே இருப்பது வாசனையில்லாத டால்கம் பவுடர், அவ்வளவுதான். அமுக்கினால் ஒரு சிட்டிகை புகை போல வெளியே வரும். அது எந்தப் பக்கம் மிதக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்க்கின் கண்ணை ஏமாற்றலாம், காதையும் ஏமாற்றலாம்; மூக்கை முடியாது. காலையில் வெயில் பட்டதும் சரிவு சூடாகிறது, அதை ஒட்டிய காற்று லேசாகி மேல்நோக்கி ஏறுகிறது. சாயங்காலம் நிழல் விழுந்ததும் அதே காற்று குளிர்ந்து, கனத்து, ஓடைத் தண்ணீர் போலப் பள்ளத்தாக்கை நோக்கி வழிகிறது. ஆகவே வெயில் ஏறிய பிறகு மானுக்கு மேலேயும், மாலையில் மானுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே, காற்று திசை மாறும் அந்த அரை மணி நேரத்தில், பவுடர் ஒரு தடவை மேலே போகும், அடுத்த தடவை உங்கள் முகத்தில் அடிக்கும். அப்போது விவரம் தெரிந்தவர்கள் நகராமல் உட்கார்ந்துவிடுவார்கள். மனித வாடையைப் போக்கும் ஸ்பிரே, கரி பூசிய உடை என்று நிறைய விற்கிறார்கள். அந்தக் காசுக்கு டால்கம் பவுடர் வாங்கினால் ஆயுளுக்கும் வரும்.

கொலராடோவில் துப்பாக்கி வேட்டைக்குப் போகிறவர் இடுப்புக்கு மேலே குறைந்தது 500 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு உடுத்த வேண்டும், தொப்பி உட்பட. 2016 முதல் பளீர் ரோஜா நிறத்துக்கும் அனுமதி உண்டு. இது மற்ற வேட்டைக்காரர்களின் கண்ணுக்காக. மானுக்கு அதே நிறம் தெரியாதா? மான் இனத்தின் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் இரண்டு வகைதான். சிவப்பைத் தனியாகப் பிரிக்கும் மூன்றாவது வகை இல்லை. நம்மைக் கூச வைக்கும் ஆரஞ்சு, அதற்கு மங்கலான ஏதோ ஒரு நிறம். ஆனால் நீலப் பக்கம் அதன் பார்வை கூர்மை. வெளுப்புக் கூட்டும் சலவைத்தூளில் துவைத்த சட்டை புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பி விடும். ஆரஞ்சு உடையோடு தப்பித்தவர் சலவைத்தூளால் மாட்டிக்கொள்ளலாம்.

சுட்ட பிறகுதான் உண்மையான வேலை. வெள்ளைப் பைகள் வெளியே வருவது அப்போதுதான்.

விழுந்து கிடப்பது 38 டிகிரிக்கு மேல் சூடுள்ள 300 கிலோ பொட்டலம். அதைச் சுற்றி ராக்கி மலைக் குளிர்காலத்தையே தாங்கும் ரோமப் போர்வை. உள்ளே இரைப்பையில் நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கவைத்துக்கொண்டே இருக்கின்றன. உயிர் போனது அவற்றுக்குத் தெரியாது, சூடு கிளப்பிக்கொண்டே இருக்கும். வெளியே பனி பெய்தாலும் தொடை எலும்பை ஒட்டிய சதை மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். கெட்டுப்போவது அங்கேதான் தொடங்கும். மேலே பார்த்தால் சிவப்பாக நன்றாகத்தான் இருக்கும். எலும்போரம் அறுத்தால் புளித்த வாடை அடிக்கும்.

சுடுசோற்றைக் குவித்து வைத்தால் நடுவில் ஆறுவதே இல்லை, தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும். இறைச்சியிலும் அதே கணக்கு. உள்ளிருந்து சூடு வெளியேற ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு, பாதியானால் கால்வாசி. எனவே முதலில் தோலை உரிக்கிறார்கள், பிறகு நான்கு கால்களையும் பிரிக்கிறார்கள். சூடு இன்னும் இறங்க வேண்டுமென்றால் தொடையை எலும்பு வரை கீறித் திறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு துணிப்பைக்குள் போகிறது.

பிளாஸ்டிக் பை ஏன் ஆகாது? சூடும் ஈரமும் உள்ளேயே நிற்கும். பாக்டீரியாவுக்கு அதைவிட நல்ல பண்ணை கிடையாது. துணிப்பை ஈயை உள்ளே விடாது, ஆவியை வெளியே விடும். நிழலில், காற்றுப்படும் கிளையில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டால், சதையின் மேற்பரப்பு சில மணி நேரத்தில் காய்ந்து தோல் போல் ஆகிவிடும். அந்த உலர்ந்த மேல்தோல்மீது பாக்டீரியா வளரத் திணறும். முன்பு நாம் திட்டிய பருத்தி இங்கே மரியாதையோடு தொங்குகிறது. மொன்டானா, வயோமிங் மாநிலங்கள் பக்கம் என்றால் பைகளை உயரமாகவும் கூடாரத்துக்குத் தள்ளியும் கட்டுவார்கள். கிரிஸ்லி கரடிக்கும் மூக்கு உண்டு. இடுப்பில் கரடி ஸ்பிரே தொங்கும். அதில் இருப்பது நம் மிளகாயின் காரம்தான்.

ரப்பர் கையுறை இரத்தத்துக்காக மட்டுமல்ல. 1967-இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில், ஆராய்ச்சிக்காக வளர்த்த மான்களிடம் முதன்முதலில் கவனிக்கப்பட்ட ஒரு நோய் உண்டு. மான் இளைத்து இளைத்துச் சாகும். காரணம் பிரியான் என்கிற, உருமாறிய புரதம். பாக்டீரியாவை வேகவைத்துக் கொல்லலாம். பிரியான் சமையல் சூட்டுக்கு அசையாது. மனிதருக்குப் பரவியதாக உறுதியான சான்று இதுவரை இல்லை. ஆனாலும் மூளை, தண்டுவடம் பக்கம் கத்தியைக் கொண்டுபோகாமல், தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை கறியைத் தனியே உறைய வைப்பவர்கள்தான் புத்திசாலிகள்.

கடைசியாக, சுமப்பது. ஒரு பெரிய ஆண் எல்க்கில் எலும்பு நீக்கிய கறி 100 கிலோ அளவுக்கு வரும். ஒரு நடைக்கு 25 கிலோ என்றால் நான்கு நடை. வண்டி 5 கிலோமீட்டர் தள்ளி நின்றால், சுமையோடு நான்கு தடவை இறங்கி, வெறும் பையோடு மூன்று தடவை ஏறி, மொத்தம் 35 கிலோமீட்டர். இதற்காகத்தான் உலோகச் சட்டம் வைத்த முதுகுப்பை. இடுப்புப் பட்டை எடையைத் தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறக்கிவிடும்.

இரவில் தலைவிளக்கு வெளிச்சத்தில் முதல் நடை. ஜாக்கெட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் சுமையைத் தூக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி போய்ச் சேருவதற்குள் மறுபடி நனைந்துவிடும். விடிந்ததும் திரும்பி வருபவர் முதலில் செய்வது, தொங்கும் பையைத் திறந்து உள்ளே புறங்கையை வைத்துப் பார்ப்பது. சதை சில்லென்று, மேலே காகிதம் போலக் காய்ந்திருந்தால், உட்கார்ந்து ஒரு காபி போட்டுக் குடிக்க நேரம் இருக்கிறது.