இங்கிலாந்துக் காடுகள் ஏன் மஞ்சளாகின்றன?

லண்டனுக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் பர்னம் பீச்சஸ் என்ற காடு இருக்கிறது. 1880இல் லண்டன் மாநகராட்சி வாங்கிப் பொதுமக்களுக்கு விட்டதால் வீட்டுமனை ஆகாமல் தப்பிய இடம். அக்டோபர் கடைசியில் ரப்பர் பூட்ஸும் ஃபிளாஸ்க்கில் தேநீருமாகக் குடும்பங்கள் அங்கே நடக்க வருகின்றன. பல நூறு வயதான பீச் (beech) மரங்கள்; தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் ஒரே பொன்மஞ்சள். அமெரிக்காவின் இலையுதிர்காலப் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மட்டும் ஒரு கேள்வி எழும்: சிவப்பு எங்கே?

அதற்கு முன்னால், மரம் இலையை ஏன் உதிர்க்கிறது என்று பார்த்துவிடலாம். டிசம்பரில் தென் இங்கிலாந்தின் பகல் சுமார் 8 மணி நேரம்தான். அந்த மங்கிய வெளிச்சத்தில் மெல்லிய, அகன்ற இலைக்கு வரவைவிடச் செலவே அதிகம். காற்று வேறு இருக்கிறது. 1987 அக்டோபர் 15 இரவு அடித்த புயலில் சுமார் 1.5 கோடி மரங்கள் சாய்ந்தன. மண் மழையில் ஊறிப்போயிருந்தது ஒரு காரணம். இலைகள் இன்னும் உதிராமல் காற்றை முழுசாக வாங்கிக்கொண்டது இன்னொன்று.

சரி, உதிர்ப்பது என்று ஆனபிறகும் அப்படியே போட்டுவிட முடியாது. வாடகை வீட்டைக் காலி செய்கிறவர் ஃபேனையும் டியூப்லைட்டையும் கழற்றிக்கொண்டு போவதைப் போல, மரம் இலையில் போட்டதை முதலில் மீட்கிறது. இலையின் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், பெரும்பகுதி ஒளிச்சேர்க்கை நடத்தும் புரதங்களில்தான் இருக்கிறது. பகல் குறுகுவதை மரம் உணர்ந்ததும் அந்தப் புரதங்கள் உடையத் தொடங்குகின்றன. குளிர் அதை வேகப்படுத்துகிறது. உடைந்தவை இலை நரம்புகள் வழியாகக் கிளைக்கும் தண்டுக்கும் வேருக்கும் போய்ச் சேர்கின்றன. தழைச்சத்திலும் மணிச்சத்திலும் (பாஸ்பரஸ்) ஏறக்குறையப் பாதி இப்படித் திரும்புகிறது.

இந்த வேலையில் பச்சையம் ஒரு தொல்லை. புரதத்தின் பிடியிலிருந்து விடுபட்ட பச்சையத்தின் மேல் வெளிச்சம் பட்டால், செல்லையே சிதைக்கக்கூடிய ஆக்சிஜன் வகைகள் உருவாகும். எனவே மரம் அதை நிறமற்ற பொருளாக உடைத்து, செல்லுக்குள் இருக்கும் குமிழி ஒன்றில் ஒதுக்கிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், பச்சையத்துக்குள் இருக்கும் நைட்ரஜன் பெரும்பாலும் மீட்கப்படுவதில்லை; இலையோடு மண்ணுக்குப் போகிறது. புரதத்தை எடுக்கத்தான் இத்தனை பாடு. இப்படி உடைந்த பொருளின் வேதிக் கட்டமைப்பு முதன்முதலில் தெளிவானது 1991இல்தான். வருடாவருடம் கண்ணெதிரே நடக்கிற விஷயத்துக்கு இது ரொம்பத் தாமதம்!

பச்சை விலகியதும், கோடை முழுக்க அதற்குப் பின்னால் மறைந்திருந்த கரோட்டினாய்டு நிறமிகள் தெரிகின்றன. மஞ்சள் அதுதான், புதிதாக எதுவும் செய்யப்படவில்லை. பிறகு அதுவும் சிதைந்து, டானின் போன்ற பொருள்களின் பழுப்பு மிஞ்சுகிறது. ஓக் மரங்களில் இதை நன்றாகப் பார்க்கலாம்.

ஓடையோரமாக நடந்தால் ஆல்டர் மரத்தைக் கவனியுங்கள். அது இலையைப் பச்சையாகவே போட்டுவிடும். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. கையில் வரும்படி இருக்கும்போது சில்லறையைப் பொறுக்குவானேன்?

சிவப்பின் கணக்கு வேறு. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியைப் பெரும்பாலான மரங்கள் இலையுதிர்காலத்தில்தான், சர்க்கரையைச் செலவழித்துப் புதிதாகத் தயாரிக்கின்றன. சாகப்போகும் இலைக்கு எதற்குச் சாயம்? மீட்பு வேலை முடியும்வரை அதிக வெளிச்சத்திலிருந்து இலையைக் காக்கும் திரை என்பது ஒரு விடை. ஆக்ஸ்ஃபோர்டு உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் வேறு விடை சொன்னார்: இலையுதிர்காலத்தில் முட்டையிட இடம் தேடி வரும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளுக்கு அது மரம் விடும் எச்சரிக்கை. அவர் 2000இல் இறந்தபின், 2001இல் இதைச் சொல்லும் கட்டுரை வெளியானது.

2009இல் லெவ்-யதுன், ஹோலோபைனன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஐரோப்பாவுக்குப் பொருத்தினார்கள். பனியுகத்தில் வட அமெரிக்காவின் மரங்களும் அவற்றின் பூச்சிகளும் தெற்கே நகர்ந்து பிழைத்தன. ஐரோப்பாவில் கிழக்கு மேற்காக நீளும் ஆல்ப்ஸ் மலை வழியை மறித்தது. பல மரங்கள் தம் பூச்சிகளோடு அழிந்தன. எதிரி குறைந்த இடத்தில் எச்சரிக்கை தேவைப்படவில்லை என்கிறார்கள். அழகான கதை, சோதித்துப் பார்ப்பதுதான் கஷ்டம். எனக்கென்னவோ வெளிச்சத் திரைப் பக்கமே சான்று கனமாகத் தெரிகிறது.

சிவப்புதான் வேண்டும் என்பவர்கள் குளோஸ்டர்ஷயரில் உள்ள வெஸ்டன்பர்ட் மரத்தோட்டத்துக்குப் போகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஹோல்ஃபோர்டு குடும்பம் உருவாக்கியது. அங்கே கூட்டம் மொய்ப்பது பெரும்பாலும் ஜப்பானிய மேப்பிள்களின் அடியில். உள்ளூர்ச் சிவப்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மண்ணில் வேலியோரம் வளரும் டாக்வுட், ஸ்பிண்டில் புதர்களையும் காட்டுச் செர்ரியையும் யாரும் நின்று பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

வெயிலான பகல், உறையாத குளிரிரவு என்று ஒரு வாரம் அமைந்தால் சிவப்பு நன்றாக ஏறும். கடும் வறட்சி எல்லாவற்றையும் குலைத்துவிடும். 2022 ஜூலையில் இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த ஆகஸ்டிலேயே பல மரங்கள் பழுத்து உதிர்க்கத் தொடங்கின. அது தண்ணீரைக் காப்பாற்றும் அவசர நடவடிக்கை.

கடைசி வேலை காம்படியில் நடக்கிறது. இலையிலிருந்து வரும் ஆக்சின் என்ற ஹார்மோன் குறைய, எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்க, அங்குள்ள செல் வரிசை ஒன்றின் சுவர்கள் இளகி இலை கழன்றுவிடும். மரத்தின் பக்கத்தில் தக்கை போன்ற தழும்பு புண்ணை மூடும். இளம் பீச்சும் ஹார்ன்பீமும் இதை முடிக்காமலே விட்டுவிடுகின்றன. காய்ந்த இலைகள் வசந்தம்வரை கிளையிலேயே இருக்கும். மொட்டுகளை மான் கடிக்காமலிருக்க என்கிறார்கள் சிலர். வீட்டு வேலிக்கு பீச் நடுகிறவர்களுக்கு அந்த விவாதம் முக்கியமில்லை. குளிர்காலத்திலும் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படாமல் இருக்கலாம்.