விமானம் ஏறும் பயம்: உடம்பு போடும் தப்புக் கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போய்ச் சேர 70 கிலோமீட்டர் போல ரோட்டில் போக வேண்டும். விமானப் பயம் உள்ள பலருக்கு அந்த ரோட்டுப் பயணம்தான் ரொம்ப மோசம். களியக்காவிளை தாண்டுவதற்குள் வயிறு கலங்கும், உள்ளங்கை வேர்க்கும், டிக்கெட்டை கேன்சல் பண்ணிவிடலாமா என்று மனசு கேட்கும். விமானத்தை இன்னும் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வளைகுடாவுக்கும் கப்பல் வேலைக்கும் இத்தனை பேர் போகிற ஊரில் இதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. உடம்பு தனக்குத் தெரிந்த முறையில் நம்மைக் காப்பாற்றப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

ஆபத்து என்று தோன்றியதும் மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி எச்சரிக்கை கொடுக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது. ஓடுவதற்கான ஏற்பாடு இது. சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர் எங்கே ஓடுவது? தசைகள் சும்மா இருக்கும்போது உடம்பில் கார்பன் டை ஆக்சைடு அதிகம் உண்டாகாது. வேகமான மூச்சு இருப்பதையும் வெளியே தள்ளிவிடும். ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும், காற்றே போதாதது போல் இருக்கும். போதவில்லை என்று இன்னும் வேகமாக இழுத்தால் எல்லாம் கூடும். அந்த நேரத்தில் தேவை நிறைய மூச்சல்ல, மெதுவான மூச்சு. மூக்கு வழியாக நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடலாம். வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பும் தணியும்.

அடுத்து, காது. உட்காதில் முடுக்கத்தை, அதாவது வேகம் கூடுவதையும் குறைவதையும், உணரும் உறுப்பு ஒன்று உண்டு. விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பி 300, 400 மீட்டர் உயரம் போனதும் விமானிகள் என்ஜின் வேகத்தைக் குறைப்பது வழக்கம். விமானம் தொடர்ந்து மேலேதான் போகிறது. ஆனால் முடுக்கம் குறைந்ததைக் காது ‘கீழே விழுகிறோம்’ என்று படித்துவிடுகிறது. அதே நேரம் என்ஜின் சத்தமும் அடங்கும். மழைக்காலத்தில் ஜன்னலுக்கு வெளியே வெறும் மேகம்தான், காது சொல்வதைத் திருத்தக் கண்ணுக்கு வழியில்லை. இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பவருக்கு அந்தச் சில நொடிகள் எளிதாகிவிடும்.

குலுக்கலுக்குக் காரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிப் பாய்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். மலையைத் தாண்டுகிற காற்று மறுபக்கம் மேலும் கீழுமாக அலையடித்துக்கொண்டு போகும். வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் காற்றும், மேகத்துக்குள் ஏறி இறங்கும் காற்றும் இதோடு சேரும். அதற்குள் போகும் விமானம் குலுங்கத்தான் செய்யும். நூறு மீட்டர் விழுந்ததாக நமக்குத் தோன்றும் இடத்தில் உயரம் மாறியிருப்பது பெரும்பாலும் சில மீட்டர்தான். பறக்கும்போது எதிர்பார்க்கக்கூடிய அதிகபட்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கை இறக்கை தாங்க வேண்டும் என்பது விதி. 2010இல் போயிங் 787இன் இறக்கையை இப்படிச் சோதித்தபோது நுனி ஏழு மீட்டருக்கும் மேல் வளைந்தது, முறியவில்லை. குலுக்கலில் அடிபடுவோர் பெரும்பாலும் பெல்ட் போடாதவர்கள். பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்த பிறகும் பெல்ட்டைக் கழற்றாமல் இருப்பதே நல்லது.

என்ஜின் நின்றுபோனால்? ஒன்று நின்றால் மற்றொன்றை வைத்துப் பறந்து இறங்கும்படிதான் இரட்டை என்ஜின் விமானத்தை வடிவமைக்கிறார்கள். 2001 ஆகஸ்டில் ஏர் டிரான்சாட் விமானம் ஒன்று அட்லாண்டிக் கடலின் மேல் எரிபொருள் தீர்ந்து இரண்டு என்ஜினையும் இழந்தது. சுமார் 120 கிலோமீட்டர் மிதந்தபடியே வந்து அசோர்ஸ் தீவில் இறங்கியது. உள்ளே இருந்த 306 பேரும் பிழைத்தார்கள்.

இவ்வளவு தெரிந்தும் பயம் போகவில்லை என்பார்கள். உண்மைதான். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் கிடப்பவர்கள். 2017இல் ஒக்கிப் புயல் அவர்களிடமிருந்து எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று மாவட்டமே அறியும். அதே மீனவர் விமானத்தில் நடுங்கலாம். கடலில் சுக்கான் அவர் கையில், காற்றும் நீரோட்டமும் அவர் படித்தவை. விமானத்தில் கதவு அடைத்துவிட்டால் எல்லாமே வேறொருவர் கையில், ஒவ்வொரு சத்தமும் புதிது. ஏர்பஸ் 320 வகையில் புறப்படும் முன் காலுக்குக் கீழே, விமானத்தின் அடியில் மரம் அறுப்பது போல ஒரு சத்தம் வரும். ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தைச் சமன் செய்யும் கருவி அது. விமானம் மேலே எழும்பியதும் கேட்கும் ‘டொம்’ சக்கரம் உள்ளே போவது.

பயத்தை உண்மையில் வளர்ப்பது தவிர்ப்பதுதான். டிக்கெட்டை ரத்து செய்த நொடியில் கிடைக்கும் நிம்மதியை மூளை பரிசாக எடுத்துக்கொள்கிறது, ‘தப்பித்தோம்’ என்று பதிகிறது. ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் 1950களில் இதற்கு ஒரு வழி வகுத்தார்: பயப்படுவதைச் சிறு படிகளாகப் பிரித்து, எளிய படியிலிருந்து மேலே போவது. இன்றைய சிகிச்சைகளும் அந்த வழியில் வந்தவைதான். பழைய பயம் அழிவதில்லை, அதற்கு எதிராகப் புதிய நினைவு ஒன்று உருவாகி அதை அடக்குகிறது. அது உருவாக, பயம் வந்த பிறகும் அங்கேயே இருக்க வேண்டும்.

நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. திருவனந்தபுரத்தின் ஓடுபாதை சங்குமுகம் கடற்கரையை ஒட்டி இருக்கிறது. அங்கே நின்று விமானங்கள் ஏறி இறங்குவதைப் பார்ப்பது முதல் படியாகலாம். அப்புறம் விமானத்துக்குள் பதிவான சத்தங்களைக் கேட்பது, அப்புறம் சென்னைக்கு ஒரு குட்டிப் பயணம். குலுக்கல் குறைவாகத் தெரியும் இறக்கைப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கலாம். ‘எனக்குப் பயம்’ என்று பணிப்பெண்ணிடம் சொல்லிவிடலாம், அவர்களுக்கு இது பழகியதுதான். ஏறும் முன் ‘என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்’ என்று ஒரு தாளில் எழுதி, இறங்கியதும் எடுத்துப் பார்க்க வேண்டும். தன் கணிப்பு பொய்யானதை மூளை இப்படித்தான் கற்கிறது. குடித்துவிட்டு ஏறினால் இந்தக் கற்றல் நடக்காது. தூக்க மாத்திரையும் தடையாகலாம், அதை டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. நெஞ்சு அடைக்கும் அளவுக்குப் பயம் வந்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும், தனியாகப் போராட வேண்டியதில்லை.

முதல் பயணம் நன்றாக முடிந்தால் அடுத்ததை ஒரு வருஷத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். இடைவெளி நீண்டால் பழைய பயம் மறுபடி தலைதூக்கும். அப்படி வந்தாலும் சிகிச்சை தோற்றதாக அர்த்தமில்லை, அதே படிகளில் திரும்ப ஏற வேண்டும். பெரும்பாலும் இந்த முறை சீக்கிரம் ஏறிவிடலாம்.